டிபியாக இருந்தால் தேவலை

ராட்டினத்தின் உச்சியில் நின்று போல்ட் முடுக்கிக்கொண்டிருந்தபோதுதான் வயிறு என்னை முதல் தடவையாகப் பயமுறுத்தியது. அதற்கு முன்பே ஒரு வருடமாக வலி இருந்தது. வந்தால் சுருண்டு படுப்பேன், போனால் எழுந்து வேலை பார்ப்பேன். அன்று ஆந்திராப் பக்கம் ஒரு ஜாத்திரை, கோயில் திருவிழா. பெரிய ராட்டினத்தை நிறுத்தி, பெட்டிகள் மாட்டுவதற்கு முன் மேல்கம்பிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். வலது அடிவயிற்றில் ஈரத்துணியைப் பிழிவதுபோல் ஒரு முறுக்கு. ஸ்பேனர் கைநழுவிக் கீழே போனது. யார் தலையிலும் விழவில்லை. கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன்.

பாய்தான் ஏறி வந்தார். அரக்கோணத்துக்காரர். மெக்கானிக்காக இருந்து ராட்டினம் வாங்கியவர். அவருடைய ராட்டினத்தோடு ஊர் ஊராகப் போய் அதை நிறுத்துவதும் பிரிப்பதும்தான் என் வேலை. என் இடுப்பில் கயிறு கட்டி, தோளில் சாய்த்துக்கொண்டு படிப்படியாகக் கீழே இறக்கிவிட்டுத் தண்ணீர் கொடுத்தார்.

"வவுத்துக்கு இன்னான்னு டாக்டருங்க ஒரு முடிவு சொல்லட்டும். அதுவரைக்கும் நீ ஏறக் கூடாது."

"இப்ப வுட்டுடுச்சு பாய்."

"வுட்டுடுச்சா? ஆளப் பாரு, கொடில காயப்போட்ட சட்ட மாதிரி கீற. வூட்டுக்குப் போ."

வீடு என்று எனக்கு இருப்பது திருத்தணியில் அக்கா வீடுதான். எட்டாவது பாதியில் நிறுத்திவிட்டுக் கிளம்பியவன் நான். லாரியில் கிளீனர், நெல்லூரில் இறால் பண்ணை, சூரத்தில் துணி ஆலை, பிறகு ராட்டினம். ஓர் இடத்தில் மூன்று மாதம் தங்கினால் எனக்குக் கால் அரிக்கும். அக்கா வீட்டுக்கு வந்தாலும் இரண்டாம் நாளே பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய் நின்று எந்தெந்த பஸ் எங்கே போகிறது என்று படித்துக்கொண்டிருப்பேன். இந்த முறை நிற்கவே முடியவில்லை. சாப்பிட்டதும் வயிறு உருளும், கடமுட என்று பக்கத்தில் இருப்பவருக்கே கேட்கும். ஓட வேண்டும். சாயங்காலமானால் லேசாகக் காய்ச்சல். பேன்ட்டை இடுப்பில் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தேன்.

அக்கா என்னைப் பார்த்ததுமே முடிவு கட்டிவிட்டாள். குடல் ஏறிவிட்டதாம். பின்தெருவில் ஓர் அம்மாவிடம் கூட்டிப்போய் வயிற்றில் விளக்கெண்ணெய் தடவி நீவி இறக்கினாள். இறங்கவில்லை. அப்படியானால் தொக்கம்தான், தின்றது எதுவோ உள்ளே சிக்கிக்கொண்டது என்று இன்னோர் இடத்துக்கு ஆட்டோ போனது. ஆட்டோ பாவாவுடையது. பாவா என்றால் அக்காவின் வீட்டுக்காரர். கே.ஜி.கண்டிகைக்கும் திருத்தணிக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். தொக்கம் எடுக்கிறவர் என் வயிற்றில் ஒரு குழாயை வைத்து உறிஞ்சினார். பிறகு வாயிலிருந்து நார் நாராக ஏதோ கறித்துண்டைத் துப்பிக் காட்டினார்.

"ஆந்திராவுல துன்னது. பாத்தியா?" என்றாள் அக்கா.

"கறி துன்னு எத்தினி மாசம் ஆச்சுக்கா."

"அப்ப அத்தினி மாசமா உள்ளயே கீது."

பாவா எங்களைத் திருப்பிக் கூட்டிவந்தார். வீட்டு வாசலில் இறங்கும்போது என்னிடம் மட்டும் சொன்னார். "மச்சான், அந்தக் கறி அவன் காலைலயே வாயில அடக்கினு வந்திருப்பான். நீ மெட்ராஸ் போ."

சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அக்காவும் கூட வந்தாள். ரத்தம், ஸ்கேன், எல்லாம் எடுத்துக் கடைசியில் பின்பக்கமாக ஒரு நீளக் குழாயை விட்டுக் குடலுக்குள் பார்த்தார்கள். சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் புண்கள் இருந்தன. ஒரு துளி சதையைக் கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அந்த முடிவு வந்த நாளில்தான் அந்த டாக்டரம்மாவோடு உட்கார்ந்து பேச நேர்ந்தது. முப்பது வயதுக்கு மேல் இருக்காது. களைத்த முகம். மேஜையில் பாதி குடித்து ஆறிப்போன டீ.

"உங்களுக்கு ரெண்டுல ஒண்ணுதான் இருக்கணும்" என்றார். "ஒண்ணு குடல்ல வர்ற டிபி. இன்னொண்ணு க்ரோன்ஸ்னு ஒரு நோய். அதுல நம்ம ஒடம்போட எதிர்ப்புச் சக்தியே நம்ம குடலைத் தாக்கும். ரெண்டும் ஒரே எடத்துல, ஒரே மாதிரி புண்ணு போடும். காய்ச்சலும் ஒண்ணுதான், எளைக்கறதும் ஒண்ணுதான், வலியும் ஒண்ணுதான்."

"சதைய எடுத்தீங்களே, அதுல தெரியலீங்களா?" என்றேன்.

"டிபி கிருமி கெடச்சிருந்தா தெரிஞ்சிருக்கும். பல பேருக்குக் கெடைக்காது. கெடைக்கலங்கறதுனால இல்லன்னும் சொல்ல முடியாது."

அக்கா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "டிபில்லாம் எங்க வூட்ல யாருக்கும் கெடயாதும்மா."

"குடல்ல இருக்கற டிபி சாதாரணமாப் பரவாதும்மா. பயப்படாதீங்க."

"அதுக்கு இல்லம்மா" என்று ஆரம்பித்து அக்கா நிறுத்திக்கொண்டாள். அவள் மகளுக்குச் சோளிங்கரில் ஒரு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். அது எனக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியாது.

நான் கேட்டேன். "டிபின்னா என்னா பண்ணுவீங்க?"

"ஆறு மாசம் மாத்திரை. ஒழுங்காச் சாப்பிட்டா முடிஞ்சுடும்."

"இன்னொண்ணுன்னா?"

அவர் டீ டம்ளரைத் தள்ளி வைத்தார். "அதுக்கு முடிவுன்னு ஒண்ணு இல்லைங்க. மருந்துல அடக்கி வெச்சுக்கலாம். நல்லா இருக்கலாம். ஆனா வாழ்நாள் பூரா பாத்துக்கணும்."

அந்த நாற்காலியிலேயே நான் தீர்மானித்துவிட்டேன். டிபியாக இருந்தால் தேவலை. ஆறு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓர் ஊரில் கிடக்கலாம். ஏழாவது மாதம் ராட்டினம் எங்கே நிற்கிறதோ அங்கே போய்விடலாம்.

எதுவென்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று டாக்டரே சொன்னார். டிபி என்றே வைத்துக்கொண்டு டிபி மாத்திரையை ஆரம்பிப்பது. க்ரோன்ஸுக்கான மருந்தை முதலில் கொடுத்து, உள்ளே இருப்பது டிபியாக இருந்துவிட்டால் அது உடம்பெல்லாம் பரவிவிடும். அதனால் இதுதான் முதலில். இரண்டு மாதம் ஆனதும் மறுபடி குழாய் விட்டுப் பார்த்தால், புண் ஆறியிருந்தால் டிபி. ஆறாமல் அப்படியே இருந்தால் மற்றது.

"முன்னல்லாம் ஆறு மாசம், ஒன்பது மாசம்னு முழுசாக் குடுத்துட்டு அப்புறம்தான் யோசிப்பாங்க. இப்ப வர்ற ஆராய்ச்சிங்கள்ல ரெண்டு மாசத்துலயே உள்ள பாத்தா தெரிஞ்சுடும்ங்கறாங்க. நடுவுல மலத்தையும் சோதிப்போம். குடல்ல புண்ணு ஆற ஆற அதுல ஒரு புரதம் கொறையும். மிச்சம் இருக்கற மலத்தை ஆராய்ச்சிக்கு எடுத்து வெச்சுக்கலாமா? உங்களுக்கு இஷ்டம் இருந்தா மட்டும்."

"தாராளமா எடுத்துக்கங்க. என்கிட்ட அதுக்குக் கொறச்சல் இல்ல."

அவர் சிரித்தார். அக்கா என் தொடையில் கிள்ளினாள்.

ரயிலில் அக்கா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். திருவள்ளூர் தாண்டிய பிறகுதான் பேசினாள்.

"டிபியா இருக்காது. அந்த இன்னொண்ணாத்தான் இருக்கும்."

"உன் வாயில நல்ல வார்த்தயே வராதாக்கா? அது வந்தா சாகற வரைக்கும் வுடாது."

"சாகற வரைக்கும் இருந்தா இருந்துட்டுப் போவட்டும். வெளிய சொல்ற மாதிரி நோவா இருக்கணும்."

"என் வவுறா, உன் மானமா?"

"ரெண்டும் ஒரே வூட்லதான கீது" என்றாள்.

மாத்திரை அரசாங்கத்தில் கொடுத்தார்கள். காலையில் வெறும் வயிற்றில் விழுங்க வேண்டும். முதல் நாளே சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனது. டாக்டர் முன்பே சொல்லியிருந்ததால் நான் பயப்படவில்லை. அக்காவிடம் நான் சொல்லாமல் விட்டுவிட்டேன். அவள் கழிவறையைப் பார்த்துவிட்டு ஓடிவந்து, மஞ்சள்காமாலையோ என்று என் கண்ணைப் பிதுக்கிப் பார்த்தாள். என் தட்டும் டம்ளரும் சமையலறையில் தனி மூலைக்குப் போயின.  ஏன் என்று நான் கேட்கவில்லை. சூரத்தில் பத்துப் பேர் ஒரே தட்டைக் கழுவிக் கழுவிச் சாப்பிட்டோம். தனித்தட்டு ஒரு வசதி என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

மலத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் பெரிய கூத்து. காலையில் எடுத்துச் சூடுபடாமல் சென்னைக்குக் கொண்டுபோக வேண்டும். ஆஸ்பத்திரி டப்பாவை இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் சுற்றி, ஐஸ் கட்டிகளோடு சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டு கிளம்புவேன். பாவா ஸ்டேஷன் வரை ஆட்டோவில் விடுவார். பையை மட்டும் பின்சீட்டில் வைக்கக் கூடாது, மடியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பார். ஒருமுறை எதிரில் உட்கார்ந்திருந்த பூக்காரம்மா, மாலைக்கூடையை நகர்த்தி இடம் கொடுத்துவிட்டுக் கேட்டாள்.

"சாப்பாடு கட்டிக்கினு வந்துட்டியா? வூட்ல யாரு செஞ்சது?"

"நானே செஞ்சதும்மா" என்றேன்.

"ஆம்பள சமைக்கறதும் நல்லதுதான்" என்றாள்.

மாத்திரை ஆரம்பித்து ஒரு மாதத்தில் காய்ச்சல் நின்றது. பேன்ட்டில் கயிறு கொஞ்சம் இறுகியது. ஓட்டமும் குறைந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். டிபிதான், மாத்திரை கேட்கிறது என்று பாவாவிடம் சொன்னேன். அவரும் ஆங், ஆங் என்று தலையாட்டினார். அக்கா மட்டும் நான் தேறத் தேற முகம் வாடினாள். உடம்பு தேறுகிறது என்று கோபப்பட்ட ஒருத்தியை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

இரண்டாம் முறை குழாய் விட ஆடி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை இடம் கிடைத்தது. முதல் நாள் முழுக்க ஒன்றும் சாப்பிடக் கூடாது. சாயங்காலம் ஒரு பொடியைத் தண்ணீரில் கலந்து லிட்டர் கணக்கில் குடித்துக் குடலைக் கழுவ வேண்டும். நர்ஸ் தெளிவாகச் சொன்னார். "மெல்லற மாதிரி எதுவும் வேணாம். தண்ணியா இருக்கறது மட்டும். எளநி, சக்கரத் தண்ணி, பால் இல்லாத டீ."

முதல் நாள் ஆடி ஞாயிறு. எங்கள் தெரு முனையில் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். காலையிலிருந்து மைக்செட். அக்கா தூக்குச்சட்டியில் வாங்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள்.

"இன்னைக்கு எனக்கு எதுவும் கூடாதுக்கா."

"ஆத்தா கூழ வேணான்றியா? நாளைக்கு உள்ள கொழா வுடப் போறாங்க. ஆத்தா உள்ள இருந்தா நல்லதுதான?"

"மெல்லற மாதிரி கூடாதுன்னாங்க."

"கூழ யாருடா மென்னு துன்றா?"

அது நியாயமாகத்தான் பட்டது. அவள் சும்மா கொடுக்கவும் இல்லை. சின்ன வெங்காயத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தாள். முருங்கைக்கீரை வேண்டாம், கருவாடு வேண்டாம் என்று ஒதுக்கினாள். மோரும் தண்ணீரும் விட்டுக் கரைத்துக் கரைத்து, ஒரு டம்ளரிலிருந்து இன்னொரு டம்ளருக்கு உயர ஆற்றிக் காட்டினாள். "பாரு. தண்ணி மாதிரி ஓடுது." ஓடியது. காலையில் ஒரு சொம்பு, மத்தியானம் ஒரு சொம்பு குடித்தேன். சாயங்காலம் பொடி கலந்த தண்ணீரை மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினேன். உப்புத்தண்ணீரில் எலுமிச்சை பிழிந்ததுபோல் இருந்தது. மின்சார ரயிலில் கழிவறை கிடையாது என்பதால், மறுநாள் காலை கழிவறை உள்ள ரயிலாகப் பார்த்து ஏறி, சென்னை வரை அதன் கதவருகிலேயே நின்றுகொண்டு போனேன்.

குழாய் உள்ளே போன கொஞ்ச நேரத்திலேயே டாக்டர் "என்ன இது" என்றார். தண்ணீரைப் பீய்ச்சினார். மறுபடி பீய்ச்சினார். திரையில் செம்மண் குட்டையைக் கலக்கியதுபோல் இருந்தது.

"நேத்து என்ன சாப்ட்டீங்க?"

"ஒண்ணும் சாப்பிடலைங்க. கூழ் மட்டும் குடிச்சேன்."

"கேழ்வரகுக் கூழா?"

"தண்ணியாக் கரைச்சுத்தாங்க."

அவர் பக்கத்தில் நின்ற நர்ஸைப் பார்த்தார். "கேப்பை உமி அப்படியே சுவத்துல ஒட்டிக்கிட்டு இருக்கு. புண்ணு இருக்கற எடத்துலதான் ஜாஸ்தி. ஆறியிருக்கா இல்லையான்னு எப்படிச் சொல்ல?" பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "ஆடி மாசம் திங்கக்கெழமை யாருக்கும் எடம் குடுக்கக் கூடாது போலிருக்கு. கூழ் கூடாதுன்னு நாங்களும் பேர் சொல்லிச் சொல்லியிருக்கணும்."

அடுத்த இடம் ஆவணியில்தான் கிடைத்தது. அதுவரை அதே மாத்திரை.

அந்த நாட்கள்தான் எனக்குத் தாங்கவில்லை. வலி இருந்த நாட்களைவிடவும் தாங்கவில்லை. பாதி தேறிய உடம்பு, முடிவு தெரியாத நோய், செய்ய வேலை இல்லை. காலையில் மலைப்படி ஏறுவேன், கோயிலுக்குள் போகாமல் இறங்குவேன். ரயில்வே கேட்டில் நின்று சரக்கு ரயிலின் பெட்டிகளை எண்ணுவேன். நெசவு ஊரான அம்மையார்குப்பத்தில், சூரத்தில் கேட்டதுபோல் தறிச்சத்தம் கேட்டால் மனசு அடங்கும் என்று நினைத்து ஒருநாள் போனேன். அரை மணி நேரத்தில் தலைவலி வந்துவிட்டது.

ஆடிக் கிருத்திகைக்குப் பாய் ராட்டினத்தோடு திருத்தணிக்கே வந்தார். மஞ்சள் துணியும் காவடியுமாக ரோடு முழுக்க ஜனம். பாவா அந்தக் கூட்டத்தில் ஆட்டோவை நகர்த்த முடியாமல் ஊருக்கு வெளியிலேயே நின்று சவாரி ஏற்றினார். நான் மைதானத்துக்குப் போனபோது பாதித் தூண் நின்றிருந்தது. நான் செய்யும் வேலையை வேறொருத்தன் மேலே நின்று செய்துகொண்டிருந்தான். போல்ட்டை எதிர்ப்பக்கமாகப் பிடித்திருந்தான்.

"முடிவு வந்துச்சா?" என்றார் பாய்.

"இன்னும் இல்ல பாய். கூழு கெடுத்துடுச்சு."

"கூழா?"

சொன்னேன். அவர் சிரித்துச் சிரித்து ஜெனரேட்டர் மேல் உட்கார்ந்துவிட்டார். "கூழுக்கே வழுக்கி வுழுந்தவன மேல ஏத்தறதா? நல்லா இருக்கே."

"அவன் போல்ட்ட தப்பாப் புடிக்கிறான் பாய். நான் ஒருதரம் ஏறிக் காட்டிட்டு எறங்கிடறேன்."

"கீழ இருந்து சொல்லு."

"கீழ இருந்து சொன்னா அவனுக்குக் கேக்காது."

"அப்ப சொல்லாத" என்றார். சிரிப்பு போய்விட்டிருந்தது. "அன்னைக்கு உன்ன எறக்கும்போது நீ என் தோள்ல இன்னா பேசுனன்னு உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். முடிவு வரட்டும்."

என்ன பேசினேன் என்று இன்றுவரை அவர் சொல்லவில்லை. கிருத்திகை முடிந்ததும் ராட்டினத்தைப் பிரித்து லாரியில் ஏற்றி வேளாங்கண்ணிக்குக் கிளம்பிவிட்டார்கள். லாரி போன பக்கம் நான் பார்க்கக்கூட இல்லை.

மறுநாள் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்த திருப்பதி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். திருப்பதியில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. கையில் மாற்றுத் துணிகூட இல்லை. பஸ் நகர்ந்ததும்தான் மூச்சு விட முடிந்தது. எல்லை தாண்டி போர்டெல்லாம் தெலுங்காக மாறியதும் உடம்பே லேசானது. நகரி வருவதற்குள் வயிறு உருண்டது. நகரியில் இறங்கி ஓடினேன். டீக்கடைக்காரர் பின்னால் இருந்த கழிவறையைக் காட்டினார். வெளியே வந்து அவர் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, எதிர்ப்பக்கம் போய்த் திருத்தணி பஸ்ஸுக்கு நின்றேன். அக்கா எங்கே போனாய் என்று கேட்டாள். நகரிக்கு என்றேன். எதற்கு என்றாள். டீ குடிக்க என்றேன்.

ஆவணியில் கூழ் இல்லை, மைக்செட் இல்லை. முதல் நாள் சர்க்கரைத் தண்ணீரைத் தவிர எதுவும் தொடவில்லை. அக்கா சமையலறைப் பக்கமே போகவில்லை. என்னைப் பார்த்தால் எதையாவது கொடுக்கத் தோன்றும் என்று பக்கத்து வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

இந்த முறையும் மயக்கம் லேசாகத்தான் கொடுத்தார்கள். திரையை என்னால் பார்க்க முடிந்தது. குடல் சுத்தமாக, இளஞ்சிவப்பாக, ஈரமாக இருந்தது. நம் உள்ளே இவ்வளவு பளபளப்பாக ஒன்று இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. கேமரா வளைந்து வளைந்து போய் அந்த இடத்துக்கு வந்ததும் டாக்டரின் கை நின்றது. புண்கள் அப்படியே இருந்தன. எனக்கும் தெரிந்துவிட்டது.

மத்தியானம் கூப்பிட்டு இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். "இது மாத்திரை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எடுத்தது. இது இன்னைக்கு. டிபியா இருந்தா இந்நேரம் ஆறியிருக்கணும். ஆறலை. புதுசா ஒண்ணு ரெண்டு வேற இருக்கு."

"ஒடம்பு தேறிச்சேம்மா. காய்ச்சல் நின்னுச்சே."

"அப்படிச் சில பேருக்கு ஆகும். அதை நம்பி இருந்தா ஏமாந்துடுவோம். அதுக்குத்தான் உள்ள பாக்கறது. மலத்துல பாத்த அந்தப் புரத அளவும் மொதல்ல கொஞ்சம் கொறஞ்சுட்டு, திரும்ப ஏறிடுச்சு. எல்லாத்தையும் சேத்து வெச்சுப் பாத்தா இது க்ரோன்ஸ்தாங்க."

நான் படங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். வித்தியாசம் கண்டுபிடித்துவிடலாம் என்பதுபோல.

"சீக்கிரமே தெரிஞ்சது நல்லது" என்றார். "டிபி மாத்திரையே போட்டுக்கிட்டு இன்னும் பல மாசம் போயிருந்தா, குடல் சுருங்கி அடைச்சுக்கிட்டு ஆபரேஷன் வரைக்கும் போயிருக்கலாம். கொண்டாடற மாதிரி நல்லது இல்ல. ஆனா நல்லதுதான்."

"மேல ஏறலாமா?"

"எங்க மேல?"

"ராட்டினத்து மேலம்மா. அதான் என் வேலை."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "மருந்து பிடிக்கக் கொஞ்ச நாளாகும். அதுவரைக்கும் நிச்சயமா வேணாம். அப்புறமும் வலி சொல்லிக்கிட்டு வராது. ஊர் ஊராப் போங்க, அது தப்பில்ல. ஆனா மருந்தை நிறுத்தக் கூடாது. எந்த ஊர்ல இருந்தாலும் சொன்ன நேரத்துக்கு ரத்தம் குடுத்து, முடிவை எனக்கு போன்ல அனுப்பிடணும். கண்ட தண்ணியைக் குடிக்கக் கூடாது. இந்த மருந்துல காய்ச்சல் வந்தா அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிடணும்." எழுந்திருக்கும்போது, "கூழ் இனிமே குடிக்கலாம். குழாய் விடற நாள் தவிர" என்றார்.

அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள். பாவா ஆட்டோவை நிறுத்துவதற்குள் கேட்டாள்.

"டிபி இல்லக்கா" என்றேன்.

அவள் அப்படியே மலைப்பக்கம் திரும்பிக் கைகூப்பினாள். கண்ணில் தண்ணீர் வந்தது. உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். எல்லோரும் குடிக்கிற டம்ளர்.

"சாகற வரைக்கும் மருந்து சாப்பிடணுமாம்" என்றேன்.

"உங்க பாவாவுக்குச் சக்கர இல்ல? அவரு சாகற வரைக்கும்தான் சாப்பிடணும். ஆட்டோ ஓட்டிக்கினு இல்ல?"

"என்ன ஏன் இழுக்கற?" என்றார் பாவா.

"நாளைக்குக் காலைல மலைக்குப் போவணும்" என்றாள் அக்கா. "மொட்ட போடணும்."

"யாருக்கு?"

"உனக்குத்தான். அந்த நோவா இருக்கக் கூடாதுன்னு வேண்டிக்கினேன்."

"என்னக் கேக்காம என் தலைய வெச்சு வேண்டிக்கினியா?"

"என் தலைய வெச்சா வேண்டிக்க முடியும்? நோவு உன்னுதுதான."

"குடுத்துடு மச்சான்" என்றார் பாவா. "முடி வளந்துடும்."

எனக்குக் கோபம் வரவேண்டும் என்று காத்திருந்தேன். வரவில்லை. நான் எதையும் யாரிடமும் வேண்டிக்கொள்கிறவன் இல்லை. மனசுக்குள் டிபி, டிபி என்று நினைத்துக்கொண்டிருந்ததோடு சரி. இவள் மலையைப் பார்த்து வாய்விட்டுக் கேட்டிருக்கிறாள். கேட்டது கிடைத்துவிட்டது. கடன் என் தலையில்.

மறுநாள் மொட்டையடிக்கும் இடத்தில் வரிசையில் உட்கார்ந்தேன். ஈரத்தரை, எங்கு பார்த்தாலும் முடி, குழந்தைகளின் அழுகை. முடி எடுப்பவர் தலையில் தண்ணீர் தெளித்துத் தேய்த்தார்.

"இன்னாப்பா வேண்டுதல்?"

"டிபி இருக்கக் கூடாதுன்னு."

"இருந்துச்சா?"

"இல்ல."

"அப்புறம் இன்னா, முருகன் கைவுடல" என்று கத்தியை வைத்தார். நடு மண்டையிலிருந்து நெற்றிக்கு இழுத்தார். அவரிடம் மீதியைச் சொல்லலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. பின்னால் இன்னும் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். முடி என் மடியில் விழுந்துகொண்டிருந்தது. வெளியே அக்கா சந்தனம் கரைத்து வைத்துக் காத்திருந்தாள். குளிர்ச்சியாகத் தலை முழுக்கத் தடவினாள். உள்ளங்கையால் இரண்டு தடவை தட்டினாள். அவளுடைய முகத்தில் அவ்வளவு நிம்மதியை வெகுநாட்களுக்குப் பிறகு பார்த்தேன். சோளிங்கர்க்காரர்கள் வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருவதாகச் சொன்னாள்.

அவள் உள்ளே சாமி பார்க்கப் போனதும் படியோரம் ஒதுங்கிப் பாய்க்குப் போன் போட்டேன். பின்னால் கடல் இரைச்சலும் ஒலிபெருக்கியும் கேட்டன.

"முடிவு வந்துச்சா?"

"வந்துச்சு பாய்."

"எப்ப செரியாவும்?"

"ஆவாது. மருந்து போட்டுக்கினே இருக்கணும். போட்டுக்கினா நல்லா இருக்கலாம், வேலயும் செய்யலாம்னு சொல்லிட்டாங்க. மேல ஏறக் கூடாதாம்."

பாய் யாரையோ தெலுங்கில் திட்டினார். பிறகு என்னிடம் வந்தார்.

"மோட்டாருகிட்ட நிக்கிறியா? சுவிட்ச் போடற ஆளு போன வாரம் ஓடிட்டான்."

பதினேழு வருடமாக ஊரைத் தலைக்கு மேலிருந்து பார்த்துப் பழகியவன் நான். மோட்டார் பக்கத்தில் நின்றால் ஜனங்களின் முதுகுதான் தெரியும், டீசல் புகைதான் வரும். அதை அவரிடம் சொல்லவில்லை.

"நிக்கிறேன் பாய். ஆனா ஒண்ணு."

"சம்பளமா?"

"அது இல்ல. இனிமே எந்த ஊர்ல எடம் புடிச்சாலும் கக்கூஸ் பக்கத்துல புடிக்கணும்."

"வாசன புடிச்சுக்கினு எவன்யா ராட்டினம் ஏறுவான்?"

"ஓட்டற ஆளு நடுவுல ஓடிட்டா எவனும் எறங்க முடியாது பாய்."

அவர் அதை யோசித்தார். போனில் கேட்ட மோட்டார் இரைச்சல் நின்று மறுபடி கிளம்பும் வரை யோசித்தார்.

"செரி" என்றார். "எடம் பாக்கற வேலய நீயே செய். முன்னாடியே போய்ப் பாத்து எனக்குச் சொல்லு. அடுத்தது மதனப்பள்ளிப் பக்கம்."

எப்போது கிளம்ப வேண்டும் என்று கேட்டேன். சட்டைப்பையில் டாக்டர் எழுதிக் கொடுத்த புது மருந்துச் சீட்டு இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டேன்.